வலது காலு, அண்ணி

"வலது காலு அண்ணி, வலது காலு!"ன்னு நான் சும்மா ஒரு ஜாலிக்குத்தான்க்கா கத்துனேன். அதுக்குள்ள எங்க அண்ணி எஸ்கலேட்டர்ல இடது கால வச்சிட்டாங்க. வச்சா என்ன? வச்சது வச்சதா இருக்கட்டும்னு அடுத்த கால எடுத்து வைக்க வேண்டியதுதானே? ஊரே அப்படித்தானே ஏறுது? அண்ணி என்ன பண்ணாங்க, வச்ச கால திரும்ப எடுக்கப் பாத்தாங்க. இடது கால எடுத்துட்டு வலது கால வைக்கலாம்னு. அது என்ன வீட்டு வாசப்படியா, இவங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கிறதுக்கு? அது பாட்டுக்கு மேல போவுது. இடது கால் மேல போவுது, வலது கால் தரையில நிக்குது, அண்ணி நடுவுல. கொடியில காயப் போட்ட புடவை காத்துல நழுவும் பாருங்க, அந்த மாதிரி விழுந்தாங்க.

கையில இருந்த ஃபைல் தெறிச்சு சர்டிஃபிகேட் எல்லாம் படி மேல. மார்க் ஷீட்டு ஒண்ணு மட்டும் ஒரு படியில சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி உக்காந்துகிட்டு தனியா மேல போச்சு. அண்ணி கீழ கிடக்கறாங்க, மார்க் ஷீட்டு மேல போவுது. அதான்க்கா ஹைலைட்டே. நான் விடலையே! கடைசிப் படி வரைக்கும் ஃபாலோ பண்ணி எடுத்தேன். ஒரு ஷேக் இல்ல.

நீங்க பாத்திருப்பீங்களே? பாக்கலையா? சரி, அந்த ஆடியோவாச்சும் கேட்டிருப்பீங்க. "வலது காலு அண்ணி, வலது காலு!" ஒரு குழந்தை மொத மொதல்ல நடக்கும், அதுக்குப் பின்னாடி போட்டிருப்பாங்க. கன்னுக்குட்டிய குட்டியானை வண்டியில ஏத்துவாங்க, அதுக்கும் அதான். டாஸ்மாக் வாசல்ல ஒரு பெருசு சாக்கடையத் தாண்டும், அதுக்கும் அதான். எல்லாம் என் குரல்க்கா. இதே தொண்டை. இப்ப உங்ககிட்ட பேசுதே, இதே.

இருங்க, ஒரு கமெண்ட்டுக்கு ரிப்ளை போட்டுக்கறேன்... ம். போட்டாச்சு.

மொதல்ல உங்களுக்கு ஒரு தேங்க்ஸ். நீங்க மட்டும் கையப் புடிச்சு இந்த பஸ்ல ஏத்தலன்னா நான் இன்னும் திருவொத்தியூர்லயே நின்னுட்டு இருப்பேன். போர்ட பாத்தா ஒரு பக்கம் திருவொத்தியூர், ஒரு பக்கம் திருவான்மியூர், ரெண்டும் 'திருவ' 'திருவ'ன்னு ஆரம்பிக்குது, பஸ் வருதா போவுதான்னே தெரியல. நான் பஸ்ஸே ஏற மாட்டேன்க்கா. நான் மெட்ரோ பொண்ணு. பேஜ் பேரே அதான், 'மெட்ரோ பொண்ணு நிரோ'. நிரோஷாங்கறது முழுப் பேரு. எங்க தேரடி ஸ்டேஷன் தொறந்த அன்னிக்கே மொத ஆளா போய் நின்னவ நான். எந்த ஸ்டேஷன்ல எந்தப் பெட்டியில ஏறுனா இறங்கும்போது வழி நேரா வரும், எல்லாம் போட்டிருக்கேன். அவ்ளோ உழைச்சும் ஆயிரம் ஃபாலோயர் தாண்டல. அண்ணி ஒரு தடவ விழுந்தாங்க, எங்கயோ போயிடுச்சு.

போன் இப்படி பை மேல நிக்க வச்சிருக்கறத கண்டுக்காதீங்க. சார்ஜ் ஏறிட்டிருக்கு. நீங்க பாட்டுக்கு ஃப்ரீயா உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், அண்ணி.

எங்க அண்ணி பேரு கலைமதி. செஞ்சிப் பக்கம். எங்க பாலா அண்ணனுக்குக் கட்டிக்கிட்டு வந்து ஒரு வருஷம் கூட ஆகல அப்ப. அவங்க லேப் டெக்னீஷியனுக்குப் படிச்சவங்க. ரத்தம் எடுக்கறது, டெஸ்ட் பண்றது, அந்தப் படிப்பு. வந்த நாள்லயிருந்து வேலைக்குப் போணும், வேலைக்குப் போணும்னு ஒரே இது. எங்கம்மாவுக்கு இஷ்டமே இல்ல. அண்ணன் கெஞ்சுனான். கடைசியில அம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க. "தனியா போய் தனியா திரும்பி வரத் தெரியுதா, போ. தெரியலையா, அடுப்படியில இரு. எம்புள்ள லீவு போட்டுட்டு உன்னைக் கொண்டு விட்டுட்டு இருக்க மாட்டான்." நியாயம்தானே?

அண்ணி என்ன பண்ணாங்க தெரியுமா? பஸ் கத்துக்கிட்டாங்க! பஸ்ஸ யாராச்சும் கத்துப்பாங்களா? மத்தியானம் வேலையெல்லாம் முடிச்சிட்டு கிளம்பிடுவாங்க. பாரிஸ் கார்னர் வரைக்கும் போய்ட்டு வருவாங்க. அடுத்த நாள் சென்ட்ரல் வரைக்கும். அப்புறம் பாரிஸ்ல மாறி சைதாப்பேட்டை. அந்த பிங்க் பஸ்ல, லேடீஸ் ஃப்ரீ பஸ்ல. நான் வீட்ல 'ஓசி எக்ஸ்பிரஸ் வந்துடுச்சா'ன்னு கேப்பேன், அம்மா சிரிப்பாங்க, அண்ணியும் சிரிச்சுக்குவாங்க. அவங்களுக்கு அதெல்லாம் உறைக்காது. ஒரு நாள் சாப்பிடும்போது மூஞ்செல்லாம் பல்லா வந்து சொல்றாங்க, "நிரோ, இன்னிக்கு ஒரு அம்மா என்கிட்ட ராயபுரத்துக்கு வழி கேட்டாங்க. நான் கரெக்டா சொல்லி ஏத்தி விட்டேன்"னு. எனக்கு சோறு மூக்குல ஏறிடுச்சு. மெட்ராஸ் வந்து நாலு மாசம் ஆகல, இவங்க வழி சொல்றாங்களாம்!

என்னக்கா? ஆமாமா, இப்ப நீங்க எனக்குச் சொன்ன மாதிரிதான். ஆனா நீங்க இந்த ஊரு.

டிக்கெட்டா? இருங்க... ஓ, இதுவும் ஃப்ரீயா? எனக்குமா? பாத்தீங்களா, இந்தக் கண்டக்டரு கிழிச்சுக் கையில குடுத்துட்டு மூஞ்சக்கூட பாக்காம போறாரு. அதான் எனக்குப் புடிக்காது. சரி, வச்சிப்போம்.

அப்ப சைதாப்பேட்டையில ஒரு பெரிய லேப்ல இன்டர்வியூ வந்துச்சு. அன்னிக்கு நைட்டு சாப்பிடும்போது பேச்சு வந்துச்சு, பஸ்ஸா மெட்ரோவா. நான் சும்மா இருப்பேனா? "அண்ணி, பஸ்ல போனா வேர்த்து ஊத்தி, புடவை கசங்கி, மீன் கூடை பக்கத்துல நின்னு, அந்த வாசத்தோட போய் இன்டர்வியூல உக்காருவீங்க. மெட்ரோல ஏசி. தேரடியில ஏறுனா நேரா சைதாப்பேட்டை. மாறவே வேணாம்"னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. கணக்கு சரிதானே?

அண்ணி தட்டுல கோலம் போட்டுக்கிட்டே மெதுவா சொல்றாங்க. "பஸ்ல யாரையாச்சும் கேக்கலாம் நிரோ. அதுல யாரைக் கேக்கறது? எல்லாரும் காதுல மாட்டிட்டு இருக்காங்க."

"கேக்கவே வேணாம் அண்ணி, அதான மெட்ரோ! பொம்பளக் குரல் ஒண்ணு சொல்லிட்டே வரும், அடுத்த நிலையம் அடுத்த நிலையம்னு."

"அது நம்மள பாத்து சொல்லாதே."

பாருங்க பதில! அம்மா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. "நிரோஷா சொல்றபடி போம்மா. அவளுக்குத் தெரியாததா?" அண்ணன் வழக்கம்போல மோர ஊத்திக்கிட்டான்.

அப்புறம் பாத்திரம் கழுவும்போது அண்ணி என்கிட்ட ரகசியமா வந்தாங்க. "நிரோ, மெட்ரோவுக்கே வரேன். அந்த ஓடுற படி மட்டும் வேணாம்மா. லிஃப்ட்ல கூட்டிட்டுப் போயிடறியா?"ன்னு. அவங்களுக்கு எஸ்கலேட்டர்னா பயம்க்கா. எனக்குத் தெரியும், ஏன்னா நான் அங்கயே இருந்தேன். கல்யாணப் புடவை எடுக்க தி.நகர் போயிருந்தோம், ரெண்டு வீடும். அந்தக் கடை எஸ்கலேட்டர்ல இவங்க புடவை ஓரம் மாட்டிக்கிச்சு. இழுக்குது, இவங்க கத்தறாங்க, கடைப் பையன் ஓடி வந்து கத்திரிக்கோல வச்சு முந்தானைய வெட்டி எடுத்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் நின்னு பாத்துட்டிருக்கோம், கல்யாணப் பொண்ணு அரைப் புடவையோட நிக்குது! ஐயோ, அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்பு. அப்ப மட்டும் பேஜ் இருந்திருந்தா!

"சரி அண்ணி, லிஃப்ட்ல போலாம், நானாச்சு"ன்னேன்.

மறுநாள் கிளம்பும்போது அம்மா வாசல்ல நின்னுகிட்டு, "இன்னிக்காச்சும் வலது கால வச்சுப் போ"ன்னாங்க. அது ஒரு கதைக்கா. கல்யாணத்தன்னிக்கு நான்தான் ஆலத்தி எடுத்தேன். வாசல்ல தட்ட வச்சுக்கிட்டு, "வலது கால எடுத்து வச்சு வாங்க அண்ணி"ன்னு நல்லா சத்தமாத்தான் சொன்னேன். மேளம் அடிக்கறான், இவங்களுக்குக் காதுல விழல போல, இடது கால வச்சிட்டாங்க. அம்மா மூஞ்சி சுருங்கிடுச்சு. திரும்ப வெளிய அனுப்பி, திரும்ப நிக்க வச்சு, திரும்ப வலது கால வச்சு உள்ள வர வச்சாங்க. தெருவே பாத்துச்சு. அன்னிலயிருந்து எங்க வீட்ல பால் பொங்கி வழிஞ்சாலும் அதான், மோட்டார் ரிப்பேர் ஆனாலும் அதான். "அன்னிக்கே இடது கால வச்சாளே"ன்னு அம்மா ஆரம்பிச்சிடுவாங்க. அண்ணி அவங்க பாட்டுக்கு வேலையப் பாப்பாங்க. ஆனா ஒண்ணு நான் பாத்திருக்கேன். மாடிக்குத் துணி காயப் போடப் போறப்ப கூட மொத படியில ஒரு செகண்ட் நின்னு, எந்தக் கால்னு பாத்துட்டுத்தான் ஏறுவாங்க. செம காமெடியா இருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனோமா. லிஃப்ட் அந்தப் பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா லிஃப்ட்ல என்னக்கா கண்டென்ட் இருக்கு? கதவு தொறக்கும், கதவு மூடும். அதனால, "ஐயோ அண்ணி, லிஃப்ட் இன்னிக்கு ஓடலையாம்"னு சொல்லிட்டேன். சும்மா. ஒரு சின்ன விளையாட்டு. "அப்ப சாதாரணப் படி?"ன்னாங்க. "அது சுத்திப் போணும், லேட்டாயிடும், இன்டர்வியூக்கு லேட்டா போனா உள்ளயே விட மாட்டாங்க"ன்னேன். பயம் போறதுக்குத்தான்க்கா. தண்ணியில தூக்கிப் போட்டாதான் நீச்சல் வரும்.

நான் மொதல்ல ஏறி மேல போய் திரும்பி நின்னு போன எடுத்தேன். அண்ணி கீழ. ஃபைல மார்போட அணைச்சுக்கிட்டு, புடவையக் கொத்தாத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, படிய உத்துப் பாக்கறாங்க. ஒரு படி போவுது, விட்டுட்டாங்க. இன்னொரு படி, விட்டுட்டாங்க. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி! பின்னாடி க்யூ சேந்துடுச்சு. ஒருத்தர் 'போங்கம்மா'ங்கறாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. அப்ப திடீர்னு கண்ண மூடிக்கிட்டு கால வச்சாங்க. இடது காலு! எனக்கு அந்த ஆலத்தி ஞாபகம் வந்துடுச்சு. அதான் கத்துனேன்.

அவ்ளோதான்க்கா. அதுக்கும் அவங்க விழுந்ததுக்கும் என்ன சம்பந்தம்? நான் மேல இருக்கேன், அவங்க கீழ இருக்காங்க.

அந்த செக்யூரிட்டி அக்கா ஓடி வந்து செவப்பு பட்டன அமுக்கி நிறுத்துனாங்க. என்னைப் பாத்து, "ஏய், போன உள்ள வைம்மா, வந்து தூக்கும்மா!"ன்னு ஒரு கத்து. நல்லா கேக்குது ரெக்கார்டிங்ல. அதை மட்டும் கட் பண்ணிட்டேன், ஃப்ளோ கெடுது. யாரோ ஒரு அண்ணா மார்க் ஷீட்ட மேலேருந்து எடுத்துட்டு வந்து தூசி தட்டிக் குடுத்தாரு. அண்ணி எழுந்து, எல்லாப் பேப்பரையும் பொறுக்கி, வரிசையா அடுக்கி, கர்ச்சீஃப வலது மணிக்கட்டுல பல்லால இழுத்துக் கட்டிக்கிட்டாங்க. என்னைப் பாத்தாங்க. அழல. திட்டல. "நான் பஸ்லயே போறேன் நிரோ"ன்னாங்க. கிளம்பிட்டாங்க.

எனக்கு எப்படி இருக்கும்? அவ்ளோ தூரம் கூட வந்து உதவி பண்ணி!

சரின்னு விட்டுட்டு நான் மெட்ரோல போனேன். சில்லுனு போய், சைதாப்பேட்டையில இறங்கி, லேப் வாசல்ல நின்னு, ஒரு ரோஸ்மில்க் குடிச்சு, கேமராவப் பாத்து பேசிட்டேன். "மக்களே, நான் வந்துட்டேன், பஸ் இன்னும் வரல!"ன்னு. ரொம்ப நேரம் கழிச்சு அண்ணி வராங்க. வேர்த்து, வெளுத்து. நான் போன்ல மணியக் காட்டுனேன். யாரு ஜெயிச்சது? நான்தானே?

உள்ள கூப்பிட்டாங்க. கண்ணாடிக் கதவு, வெளிய இருந்தே தெரியுது. அந்த டாக்டரம்மா ஒரு ஊழியர உக்கார வச்சு, "எங்க, ரத்தம் எடுத்துக் காட்டு"ன்னிருக்காங்க. அண்ணி ரப்பர் பட்டையக் கட்டவே திணறுறாங்க. ஊசிய எடுத்தா கை நடுங்குது. ஒரு குத்து, வரல. இன்னொரு குத்து, அந்த ஆளு ஆன்னு கத்திட்டாரு. அப்புறம் கையவே குடுக்கல. டாக்டரம்மா கையப் புடிச்சுப் பாத்துட்டு, "கை இப்படி வீங்கியிருக்கு, நீ மொதல்ல எக்ஸ்ரே எடும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. வேலை போச்சு. எலும்புல விரிசலாம், மாவுக்கட்டு போட்டாங்க.

இதுல என்ன தெரியுது உங்களுக்கு? மெட்ரோல வந்திருந்தா சீக்கிரம் வந்திருப்பாங்க. சீக்கிரம் வந்திருந்தா கொஞ்சம் உக்காந்து ரெஸ்ட் எடுத்திருப்பாங்க. கை நடுங்கியிருக்காது. பஸ்ஸாலதான் போச்சு. நான் அதையேதான் வீடியோவுலயும் போட்டேன். "பஸ்ஸா மெட்ரோவா? எங்க அண்ணி எடுத்த முடிவப் பாருங்க, நீங்களே சொல்லுங்க"ன்னு.

அம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நான் சொல்லவே வேணாம். "அன்னிக்கே இடது கால வச்சா."

ஆங், அங்க ஏதோ நோட்டிஃபிகேஷன்... விடுங்க, அப்புறம் பாத்துக்கறேன்.

காலையில எழுந்து பாக்கறேன், போன் சூடா இருக்கு! சும்மா கொட்டுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஓடிப் போய் அண்ணிகிட்டதான் மொதல்ல காட்டுனேன். "அண்ணி, நீங்க வைரல்!"னு. மாவுக்கட்டுக் கையோட உக்காந்து இடது கையால தக்காளி நறுக்கிட்டிருந்தாங்க. முழுசா பாத்தாங்க. அந்த மார்க் ஷீட்டு மேல போற வரைக்கும் பாத்தாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "நிரோ, எங்கம்மா இப்பதான் புதுசா போன் வாங்கியிருக்காங்க. அவங்க கண்ணுல படறதுக்குள்ள எடுத்துடறியா?"

"நாளைக்கு எடுத்துடறேன் அண்ணி"ன்னேன். ஓடிட்டு இருக்கும்போது எடுத்தா பேஜே செத்துடும்க்கா. யாராச்சும் ஓடற வண்டிய நடுவுல நிறுத்துவாங்களா?

மறுநாளே அவங்கம்மா பாத்துட்டாங்க. ஊர்ல எவனோ ஒரு பையன் காட்டியிருக்கான். போன் வந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தம்மா எடுத்ததும் என்ன கேக்குது தெரியுமா? "ஏன் பாப்பா, கைய அப்படி மடக்கி விழுந்தியே, பக்கத்துல யாருமே இல்லையா? கூட யாரும் வரலையா?"ன்னு. அத்தனை லட்சம் பேரு சிரிச்ச வீடியோவுல அந்தம்மா மட்டும் கையப் பாத்திருக்கு! சில பேருக்கு காமெடி சென்ஸே கிடையாதுக்கா. அண்ணி, "இல்லம்மா, நான் தனியாத்தான் போனேன்"ன்னாங்க. கூட நான் போனேன்ல? எவ்ளோ ஈசியா என்னை இல்லாம ஆக்கிட்டாங்க பாருங்க.

அடுத்து எங்க அண்ணன். ஆபீஸ் கேன்டீன்ல எல்லாரும் சேந்து பாத்து சிரிச்சாங்களாம். இவனும் சேந்து சிரிச்சானாம். 'இது என் பொண்டாட்டி'ன்னு சொல்ல வாய் வரலையாம். அத வந்து என்கிட்ட சொல்லி அழறான். சிரிச்சவன் நீ, பழி எனக்கா? "டெலிட் பண்ணு நிரோ"ங்கறான். "அண்ணா, நீ பண்ணாலும் நான் பண்ணாலும் இனிமே எல்லார் போன்லயும் இருக்கு"ன்னேன். உண்மைதானே?

கட்டுப் பிரிச்சப்புறம் அண்ணி வேற லேப்புக்குப் போனாங்க. அங்க ரிசப்ஷன் பொண்ணு பாத்ததும், "ஏய், நீங்க அந்த எஸ்கலேட்டர் அண்ணிதானே!"ன்னு கத்தி, உள்ள இருந்து நாலு பேரக் கூப்பிட்டு, செல்ஃபி எடுத்துக்கிட்டாங்களாம். நான் அவ்ளோ உழைச்சும் என்கிட்ட ஒருத்தரும் செல்ஃபி கேட்டதில்ல. இவங்க என்ன பண்ணாங்க, இன்டர்வியூவுக்கு உள்ள போகாமலே திரும்பி வந்துட்டாங்க. பஸ்லயும் அப்படித்தானாம். ஒரு கண்டக்டரு இவங்க ஏறும்போதெல்லாம், "வலது கால வச்சு ஏறும்மா, வலது காலு"ம்பாராம், பஸ்ஸே சிரிக்குமாம். பாசத்துலதானே சொல்றாரு? அதுக்கப்புறம் அண்ணி பஸ்ஸ விட்டுட்டாங்க. எல்லாத்தையும் விட்டுட்டாங்க. மத்தியானம் வீட்லயே உக்காந்திருப்பாங்க. அம்மாவுக்கு சந்தோஷம், சமையல் நேரத்துக்கு ஆச்சு.

எனக்குத்தான் வருத்தம். பார்ட் டூவுக்கு ஆளில்லாமப் போச்சு.

திடீர்னு ஒரு நாள் அண்ணன் தனிக்குடித்தனம்னுட்டான். அம்மா மண்ண வாரித் தூத்துனாங்க, கேக்கல. போனது எங்கன்னு நினைக்கறீங்க? திருவான்மியூர்! ஊரு இந்தக் கோடின்னா அது அந்தக் கோடி. எனக்கு நல்லா தெரியும், வேணும்னே மெட்ரோ போகாத இடமாப் பாத்துப் போயிருக்காங்க. நான் வரக் கூடாதுன்னு. என் நம்பர ரெண்டு பேரும் பிளாக் பண்ணியாச்சு. அட்ரஸ அம்மாகிட்ட மட்டும் சொல்லி, என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். எங்கம்மாவாவது, சத்தியத்தக் காப்பாத்தறதாவது! ராத்திரிக்குள்ள சொல்லிட்டாங்க. இதோ பாருங்க, நார்த்தங்கா ஊறுகாய் கூட குடுத்து விட்டிருக்காங்க. புள்ளைக்குப் புடிக்கும்னு.

என்னக்கா கேட்டீங்க? கை சரியாயிடுச்சான்னா? நீங்களும் அண்ணியோட அம்மா மாதிரியே கையத்தான் கேக்கறீங்க! சரியாயிருக்கும். அங்க ஒரு சின்ன லேப்ல வேலைக்கு சேந்துட்டாங்களாம். மூஞ்சில மாஸ்க்கப் போட்டுக்கிட்டே இருப்பாங்களாம், அங்க யாருக்கும் இவங்க யாருன்னே தெரியாதாம். அண்ணன் அம்மாகிட்ட பெருமையா சொல்லியிருக்கான், "இப்பதாம்மா அவ மறுபடி சிரிக்கறா"ன்னு. ஊரே சிரிக்கும்போது மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு, தனியாப் போய் சிரிக்கறாங்களாம். என்ன ஜென்மமோ.

ஆனா பாருங்க, நான் மனசுல எதையும் வச்சுக்கறவ இல்ல. ஒரு செருப்புக் கம்பெனி மெசேஜ் பண்ணியிருக்காங்க. விளம்பரம். அண்ணி அந்தக் கம்பெனி செருப்பப் போட்டுக்கிட்டு வலது கால எடுத்து வைக்கணும், நான் பின்னாடி இருந்து அதே மாதிரி கத்தணும். அவ்ளோதான் வேலை! ஆனா அண்ணி இருந்தாதான் பண்ணுவாங்களாம். நான் மட்டும்னா வேணாமாம். நான் மட்டும்னா எதுக்குமே வேணாம் போல, விடுங்க. அதான் இன்னிக்கு சர்ப்ரைஸா நேரா லேப்புக்கே போறேன். வீட்டுக்குப் போனா கதவத் தொறக்க மாட்டாங்க. லேப்புல பேஷன்ட் எல்லாம் இருப்பாங்க, அங்க வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல? கதவத் தொறந்ததும் போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரே கத்து. "வலது காலு அண்ணி!" அந்த மாஸ்க்க கழட்டும்போது அந்த மூஞ்சி எப்படி இருக்கும்! அதான் ஓப்பனிங் ஷாட்.

ஏன் நிக்குது பஸ்ஸு? இது லஸ் கார்னரா? ஓ, தோண்டி வச்சிருக்காங்க. மெட்ரோ வேலையா! அக்கா, பாருங்க பாருங்க, எவ்ளோ பெரிய பள்ளம்! இப்படியே கீழயே போய் அடையாறு வரைக்கும், திருவான்மியூர் வரைக்கும் வந்துடுமாம்க்கா. வாசல்லயே வந்துடும். அப்ப எங்க ஓடுவாங்க எங்க அண்ணி?

என்ன எழுந்துட்டீங்க? நீங்களும் திருவான்மியூர்தானே சொன்னீங்க? இதுக்குள்ளயேவா? அக்கா, கோவமா? நான் என்ன சொல்லிட்டேன்? ஐயோ, மெதுவா, முழங்கால் வலின்னு ஏறும்போதே சொன்னீங்களே... இந்தப் படி ரொம்ப உயரம், கம்பியப் புடிச்சுக்கோங்க. இருங்க, நான் போன கொஞ்சம் திருப்பிக்கறேன், வெளிச்சம் இப்பதான் நல்லா விழுது. ஆங். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு இறங்குங்க. உதவி பண்ணப் போய் கெட்ட பேரு வாங்கறது, என்னை மாதிரி, உங்களுக்கும் நடந்திருக்கா?

இல்லக்கா, என்னைப் பாக்காதீங்க. போனப் பாத்து சொல்லுங்க.